யோகமலர் அக்கா அண்ணாந்து குடித்த வைன்

யோகமலர் அக்கா வெளியிடத்துக் கோப்பையில் வாய் வைத்து எதையும் குடித்ததில்லை. தண்ணீரோ ஜூஸோ, தலையை அண்ணாந்து, நாலு விரல் உயரத்தில் பிடித்து, ஒரு துளி சிந்தாமல் தொண்டைக்குள் விடுவார். பிறத்தியார் வாய் வைத்த கோப்பை எச்சில், அதை எந்தச் சவர்க்காரமும் போக்காது என்பது அவருடைய கட்சி. கனடாவில், மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் நானும் அவரும் ஒரே வரிசையில் வேலை செய்கிறோம். அவர் தண்ணீர் குடிக்கும்போது பிலிப்பினோப் பெண்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்ப்பார்கள். இந்த ஆசாரம்தான் அவரை எங்கள் சனத்துக்கு முன்னால் குடிகாரி ஆக்கியது. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அக்காவுக்கு அறுபத்தொரு வயது. ரெக்ஸ்டேலில் எங்கள் கட்டடத்தின் பதினோராம் மாடியில் தனியாக இருக்கிறார். நான் ஒன்பதாம் மாடி. கிழமை நாட்களில் விமானச் சாப்பாடு, சனி ஞாயிறில் கோயில் அன்னதானம். பதினாலு வருடமாகத் தேர்த் திருவிழாச் சமையலுக்கு அவர்தான் பொறுப்பு. ஆயிரத்து இருநூறு பேருக்கு எத்தனை கொத்து அரிசி, எத்தனை பூசணி என்று கடதாசி பார்க்காமல் சொல்லுவார். அவர் உப்புப் பார்க்காமல் ஒரு கறியும் அடுப்பால் இறங்காது.

அவருடைய கணவர் குலசிங்கம் கோயில் கட்டுவதற்கு ஓடித் திரிந்தவர். நல்ல பேச்சாளர். பெரிய குடிகாரர். முப்பது வருடம் அக்கா அவருடைய வாந்தியைத் துடைத்தார், அவருக்காக வேலை இடங்களுக்குப் பொய் சொன்னார். ஒரு திருவிழாவில் அவரை மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். மூன்றாம் வரிசையில் இருந்த எனக்கே விஸ்கி மணத்தது. போர்த்தியவர்களுக்கு மட்டும் மணக்கவில்லை. ஈரல் கெட்டு அவர் போய் ஐந்து வருடமாகிறது.

போன ஜூலையில் எங்கள் வேலைத்தலத்தில் நயாகராவுக்கு ஒரு பஸ் போட்டார்கள். காலையில் நீர்வீழ்ச்சி, மத்தியானத்துக்குப் பிறகு வைன் தோட்டம். பஸ் தோட்டத்து வாசலில் நின்றதும், "அக்கா, நீங்கள் பஸ்ஸிலயே இருக்கப்போறீங்களோ?" என்று கேட்டேன்.

"ஏன் இருக்கவேணும்? இருபத்திரண்டு வருசமா பிளேனுக்குப் போற உந்தச் சின்ன வைன் போத்திலுகளை றொலியில அடுக்கிறன். உள்ளுக்கை என்ன கிடக்குதெண்டு ஒருக்கா எண்டாலும் பாக்கவேணும்" என்றபடி நெற்றியில் விபூதிக் குறியோடு, கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கிப் போனார்.

மரியோ என்ற நரைத்த மீசைக்காரர் எங்களுக்கு வைன் ஊற்றினார். தண்டில் பிடியுங்கள், சுழற்றுங்கள், மூக்கை விட்டு மணந்து பாருங்கள் என்று பாடம் எடுத்தார். விழுங்க விருப்பமில்லாவிட்டால் வாய்க்குள் வைத்துப் பார்த்துவிட்டு இந்த வாளிக்குள் துப்பலாம் என்றார். நான் அதை அக்காவுக்குத் தமிழில் சொன்னேன்.

அக்காவின் முகம் போன போக்கு! "நாலு பேர் நிக்கிற இடத்தில துப்பிறதோ? உந்த மனுசனுக்கு வீட்டில ஒருதரும் சொல்லிக் குடுக்கேல்லையோ?"

அக்கா துப்பமாட்டார். ஊர் பேர் தெரியாத ஆட்கள் வாய் வைத்த கிளாஸிலும் வாய் வைக்கமாட்டார். ஆகவே அண்ணாந்தார். வெள்ளை வைன் நாலு விரல் உயரத்தில் இருந்து நூல் பிடித்தாற்போல் இறங்கியது. மரியோ பாடத்தை நிறுத்திவிட்டுக் கைதட்டினார்.

"தேசிக்காய்ப் புளி கூடின சொதி" என்று அக்கா தீர்ப்புச் சொன்னார்.

அடுத்தது சிவப்பு. அதை வாய்க்குள் கொஞ்ச நேரம் வைத்திருந்து விழுங்கினார். மூடிய கண்ணைத் திறக்கவில்லை. அழப்போகிறார் என்று நினைத்து நான் அவருடைய கையைப் பிடித்தேன். அவர் கையை உதறிவிட்டார். வந்தது அழுகையில்லை, கோபம்.

"உதுக்கோ, நிலாணி? விஸ்கியோ வைனோ, உப்பிடி ஒண்டுக்காகவோ அந்த மனுசன் முப்பது வருசம் என்னைத் திரும்பிப் பாக்கேல்லை?"

அக்கா மூக்கைச் சீலைத் தலைப்பால் துடைத்தார். கிளாஸைப் பார்த்தார்.

"ஆனா நல்லாத்தான் கிடக்கு. இன்னும் கொஞ்சம் விடச் சொல்லு."

அந்த இரண்டாவது ஊற்றலைத்தான் நான் படம் எடுத்தேன். விபூதி நெற்றி வானத்தைப் பார்க்க, மூடிய கண், திறந்த வாய், நடுவில் சிவப்பாய் ஒரு கோடு. அவ்வளவு சந்தோசமாக அவரை நான் கண்டதில்லை. கைபேசியில் வேலைத்தலக் குழுவுக்கு அனுப்ப நினைத்தேன். விரல் தவறி கோயில் அன்னதானக் குழுவுக்குப் போய்விட்டது. நான் அழிப்பதற்குள் எண்பது பேர் பார்த்துவிட்டார்கள்.

"பழகின கை. வாய் படாமல் ஊத்துறா பாருங்கோ" என்று ஒருவர் எழுதினார். அவரும் கோயில் செம்பில் வாய் படாமல்தான் குடிக்கிறவர். படம் எடுத்தவள் குடித்தாளா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. நான் நாலு கிளாஸ் குடித்தேன். கிளாஸில் உதடு வைத்து, மரியாதையான பெண்ணாக, ஒன்றையும் துப்பாமல். ஆனால் அதைச் சொல்ல வாயைத் திறக்கவில்லை.

தேருக்கு இரண்டு கிழமைக்கு முன்னால் கோயில் தலைவர் சண்முகநாதன் அண்ணை அக்காவை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். நான்தான் காரில் கூட்டிப் போனேன். அண்ணை கெட்ட மனிதர் இல்லை. அவருடைய பேஸ்மெண்டில் கண்ணாடி வைத்து, விளக்குப் பூட்டி, அழகான பார் ஒன்று இருக்கிறது. கோயிலுக்கு வருகிற ஆண்களில் அதைப் பார்க்காதவர்கள் குறைவு. அவர் அக்காவின் பெயரில் ஒரு கடிதம் அடித்து வைத்திருந்தார். படத்தில் இருப்பது திராட்சைச் சாறு, தவறான விளக்கத்துக்கு வருந்துகிறேன் என்று எழுதியிருந்தது.

"கையெழுத்து வையுங்கோ தங்கச்சி. தேரண்டைக்கு மைக்கில வாசிச்சு விடுறம். கதை முடிஞ்சுது."

"அது வைன், அண்ணை."

"அது எங்களுக்குத் தெரியும். சனத்துக்கு ஒரு சமாதானம் வேணுமெல்லோ."

"தெரிஞ்சுகொண்டோ எழுதினனீங்கள்? கோயில்ல மைக்கில பொய் வாசிக்கலாம், வைன் குடிச்ச கை அரிசி களையக்கூடாதோ?"

"கையெழுத்து இல்லாட்டி இந்தமுறை சமையலுக்கு வேற ஆக்களைத்தான் பாக்கவேணும்."

"என்ரை மனுசன் உங்கட மேடையில தள்ளாடித் தள்ளாடிப் பொன்னாடை வாங்கேக்கை, அவரிட்டைக் கடிதம் கேட்டனீங்களோ?"

அண்ணை மேசையிலிருந்த கல்குலேட்டரை இந்தப் பக்கத்தால் அந்தப் பக்கம் நகர்த்தினார். நாங்கள் எழும்பி வந்துவிட்டோம்.

காருக்குள் ஏறியதும் அக்கா அழுதார். "எனக்கு அந்த அடுப்படியை விட்டா வேறை என்ன கிடக்கு, நிலாணி?"

"அப்ப கையெழுத்தை வைச்சு விடுங்கோவன் அக்கா. ஆர் பெரிசா எடுக்கப்போகினம்?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "நீயுமோ?" என்று மட்டும் கேட்டார். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

தேரன்று விடிய ஐந்து மணிக்கு அக்கா ஏப்ரனைக் கட்டிக்கொண்டு என்னோடு காரில் கோயிலுக்கு வந்தார். வேறு ஆட்களைத் தேடியிருக்கிறார்கள், ஆயிரத்து இருநூறு பேர் என்றதும் ஒருவரும் துணியவில்லை. உள்ளே பெண்கள் பூசணி வெட்டிக்கொண்டிருந்தார்கள். சமையலறை வாசலை மறித்தபடி சண்முகநாதன் அண்ணை. கையில் அதே கடிதமும் பேனையும்.

"கடைசியாக் கேக்கிறன், தங்கச்சி."

அக்கா கடிதத்தை வாங்கிச் சுவரில் வைத்தார். 'திராட்சைச் சாறு' என்பதைக் கோடு போட்டு வெட்டி, 'வைன். கேட்டு வாங்கி இரண்டாம் தரமும் குடித்தேன்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

"இப்ப வாசியுங்கோ."

"உதை எப்பிடி மைக்கில வாசிக்கிறது?"

"அது உங்கட பாடு. விலகுங்கோ, பருப்புப் போட நேரமாகுது."

அண்ணை விலகவில்லை. "இத்தினை பொம்பிளையள் இருக்கினம். ஒருத்தியாலையும் வராத வெக்கக்கேடு உங்களாலதானே வந்தது?"

அக்காவின் கையிலிருந்து பேனையைப் பறித்தேன் என்றுதான் சொல்லவேண்டும். அவருடைய பெயருக்குக் கீழே, 'நிலாணி. நாலு கிளாஸ். படம் எடுத்து அனுப்பியதும் நான்தான்' என்று எழுதினேன். என் எழுத்து கோணலாக இருந்தது.

அண்ணை அதை வாசித்து முடிப்பதற்குள், உள்ளே பூசணி வெட்டிக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி தலையை நிமிர்த்தாமலே கையை நீட்டினாள்.

"பேனையை இஞ்சாலையும் ஒருக்காத் தாங்கோ. அண்ணையின்ரை பேஸ்மெண்டில நான் குடிச்சதையும் இதிலயே எழுதலாமோ?"

பூசணி வெட்டிய கத்திகள் எல்லாம் நின்றன. சண்முகநாதன் அண்ணை என் கையிலிருந்த பேனையை வாங்கிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு வாசலை விட்டு விலகினார்.