உள்ளே பேசியது உள்ளே

எனக்குப் பர்மா மொழி தெரியும் என்பது எங்கள் ஆபீசில் ஒரு வேடிக்கையாகத்தான் இருந்தது. தண்டையார்பேட்டையில், கண்டெய்னர்களுக்குக் கஸ்டம்ஸ் வேலை முடித்துக் கொடுக்கும் சின்ன ஆபீஸ் அது. யாருக்காவது பிறந்தநாள் வந்தால், "பர்மா பாஷையில வாழ்த்து சொல்லுங்கக்கா" என்பார்கள். சொல்வேன், சிரிப்பார்கள். அதற்கு மேல் அந்த மொழிக்கு அங்கே வேலை கிடையாது. அம்மா ரங்கூனில் பிறந்தவள். சின்னப் பெண்ணாகக் கப்பலேறி வந்து, எண்ணூரில் பர்மாவிலிருந்து வந்தவர்கள் குடியேறிய தெருக்களில் ஒன்றில் வளர்ந்தவள். இன்னும் அங்கேதான் இருக்கிறோம். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் போதாது. திட்டு வாங்கியேதான் நான் அந்த மொழியைக் கற்றுக்கொண்டேன்.

ஒரு நாள் காலையில் முதலாளி என்னைக் கூப்பிட்டார். முந்தின நாள் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கப்பலில் விபத்து நடந்திருந்தது. கப்பலின் கிரேன் இரும்புக் குழாய்க் கட்டு ஒன்றை இறக்கும்போது கட்டு நழுவி விழுந்து, கீழே நின்ற ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு இடுப்பிலும் காலிலும் பலத்த அடி. அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் அதற்குள் தெரிந்துவிட்ட செய்தி.

"கப்பல் கம்பெனியோட வக்கீலம்மா போன் பண்ணாங்க. மாலுமிங்க ரெண்டு பேர் பர்மாக்காரங்களாம். இங்கிலீஷ் அரைகுறை. அவங்க பாஷையிலயே பேசணும்னு சொல்றாங்க. நீ போய்ப் பேசிக் குடுக்கறியா?"

போனேன். ராயபுரத்தில், அந்தக் கப்பலுக்கு ஏஜெண்டாக இருந்தவர்களுடைய ஆபீசின் மாடியறை. வக்கீலம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். காட்டன் புடவை, தோளில் துணிப்பை. மாலுமிகளை உள்ளே விடுவதற்கு முன்னால் என்னைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார்.

"ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். இவங்க கம்பெனிக்கு நான் வக்கீல். என்ன நடந்ததுன்னு இவங்க பயமில்லாம என்கிட்ட சொன்னாதான் நான் கம்பெனிக்கு சரியான யோசனை சொல்ல முடியும். அதனால வக்கீல்கிட்ட பேசறதுக்குச் சட்டம் ஒரு காவல் குடுத்திருக்கு. நான் வெளிய சொல்லக் கூடாது. எனக்கு மொழிபெயர்க்கறதால நீங்களும் சொல்லக் கூடாது. வக்கீலுக்கு என்ன கட்டுப்பாடோ உங்களுக்கும் அதேதான். வீட்டுல, ஆபீஸ்ல, யார்கிட்டயும் கூடாது."

"எது வரைக்கும் மேடம்?"

"என்னிக்கும்."

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. இந்தப் பக்கம் கேட்டு அந்தப் பக்கம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிற வேலை என்றுதான் நினைத்து வந்தேன். அவரோ என்னைத் தன் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மாலுமிகள் வந்தார்கள். கூடவே ஏஜெண்ட் ஆபீஸ் மேனேஜரும் டீ கிளாசோடு வந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "நானும் இருக்கேன் மேடம். நம்ம கிளையண்ட்தானே."

"வேணாம் சார். நீங்க இதைக் கேட்டீங்கன்னா, இது ரகசியமா பேசினதுன்னு நாளைக்கு நான் கோர்ட்டுல நின்னு சொல்றது கஷ்டம். வெளிய இருங்க."

அவருடைய ஆபீஸ், அவருடைய அறை, அவருடைய டீ. முகம் சுண்டிப்போய் வெளியே போனார். எல்லோருடைய செல்போனும் வெளியே ஒரு தட்டில் போனது, வக்கீலம்மாவுடையது உட்பட.

நான் வணக்கம் சொன்னதும் மாலுமிகளில் பெரியவர் முகம் மலர்ந்தது. மற்றவர், கிரேன் ஓட்டுகிறவர், சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், "அமா, நீங்க பழைய சினிமாவுல பேசற மாதிரி பேசறீங்க" என்றார். 'அமா' என்றால் அக்கா. என்னுடையது அம்மா விட்டுவந்த காலத்துக் கடைத்தெரு மொழி. கொத்தமல்லிக்கும் கருவாட்டுக்கும் எனக்குச் சொல் உண்டு. கப்பலின் உறுப்புகளுக்குக் கிடையாது. அவர்கள் பேப்பரில் வரைந்து காட்டினார்கள், நான் பக்கத்தில் தமிழில் குறித்துக்கொண்டேன். முடிந்ததும் வக்கீலம்மா எல்லாத் தாளையும் எடுத்துப் பைக்குள் வைத்தார்.

"இது வெறும் கிறுக்கல் மேடம்."

"கிறுக்கலும் குடுங்க."

அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை அன்றிலிருந்து யாரிடமும் சொன்னதில்லை. இங்கேயும் எழுதப்போவதில்லை.

சாயங்காலம் தெருவில் நுழையும்போதே கூட்டம் தெரிந்தது. அடிபட்டவர் யார் என்று அப்போதுதான் தெரிந்தது, எங்களுக்குப் பின்தெருக்காரர். அவர் மனைவி என்னோடு ஒரே பள்ளியில் படித்தவள். அறையில் பேசும்போது 'கரைப்பக்கத்துத் தொழிலாளி' என்றுதான் எல்லோரும் சொன்னோம். யாருக்கும் பெயர் தெரியவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் வக்கீலம்மாவுக்குப் போன் செய்தேன். "மேடம், அடிபட்டவர் எனக்குத் தெரிஞ்சவர். அவர் சம்சாரம் என் சிநேகிதி."

"உடனே சொன்னீங்களே, ரொம்ப நல்லது" என்றார். "நான் கம்பெனிக்கும் இதைச் சொல்லிடறேன். அடுத்த தடவை பேசறதுக்கு வேற ஆள் பார்த்துக்கறேன். ஆனா இன்னிக்குக் கேட்டது..."

"அது என்னோட இருக்கும் மேடம். ஆனா ஒண்ணு, அவங்ககிட்ட நான் எதைத்தான் சொல்லலாம்?"

"அவங்களுக்குன்னு ஒரு வக்கீல் வெச்சுக்கச் சொல்லுங்க. அதுல ரகசியம் ஒண்ணும் இல்ல. நடந்தது ரகசியமில்லம்மா. யார் எங்க நின்னாங்க, கட்டு எப்படிப் போட்டிருந்தது, கிரேனை எப்போ சோதிச்சாங்க, எல்லாத்தையும் அவங்க வக்கீல் கேக்கலாம். கோர்ட்டு மூலமாவே கேக்கலாம். என்கிட்ட பேசினதை மட்டும்தான் கேக்க முடியாது."

அந்தக் கடைசி வார்த்தையைத்தான் பின்னால் வந்த நாட்களில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முதலில் கேட்டவர் மேனேஜர். மறுநாளே போன். "வக்கீலம்மா ரிப்போர்ட் குடுக்க நாளாகும்மா. சும்மா சுருக்கமா சொல்லுங்க, தப்பு யார் மேல வருது?"

"மேடத்தையே கேளுங்க சார்."

"உங்களுக்கு வண்டி அனுப்பினதே நான்தான்."

"வண்டிக்கு ரொம்ப தேங்க்ஸ் சார்" என்று சொல்லி வைத்துவிட்டேன். சொல்லிவிட்டு மனசுக்குள் சிரித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அடுத்து வந்தது என் சிநேகிதியின் தம்பி. டிரெய்லர் லாரி ஓட்டுகிறவன். அவனிடம் சிரிக்க முடியவில்லை. வாசலிலேயே நின்றான்.

"யக்கா, அந்தக் கப்பல்காரனுங்ககிட்ட பேசசொல்ல நீ உள்ள இருந்தியாமே. இன்னா சொன்னானுங்க?"

"அத சொல்லக் கூடாதுப்பா."

"இன்னாக்கா நீ! எங்க மாமா ஆஸ்பத்திரில படுத்துகினு கீறாரு. நீ இன்னாடான்னா கப்பல்காரன் சைடு பேசினு கீற."

"நான் யார் சைடும் பேசல. ஏஜெண்ட் ஆபீஸ் மேனேஜர் கேட்டாரு. அவருக்கும் சொல்லல."

"அவனுக்குச் சொன்னா இன்னா, சொல்லாங்காட்டி இன்னா? நம்ம ஏரியா ஆளுன்னு உன்ன நம்பி வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனான். உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்ட அம்மா, "அவனுக்குச் சொல்ல வேணாம். எனக்குச் சொல்லு. அவங்க என் ஊர்க்காரங்க" என்றாள். மாட்டேன் என்றதும் பர்மா மொழியில் ஆரம்பித்தாள். நல்ல நீளமான திட்டு. புதிதாக இரண்டு சொல் கிடைத்தது.

தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்கும்போது சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வலித்தது. ஆனால் குழப்பம் இல்லை. நான் கேட்டதை எடுத்துக் கொடுக்க, அது எனக்குச் சொந்தமானது அல்ல. என்னால் கொடுக்க முடிந்தது வேறொன்று. ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

வார்டுக்கு வெளியே, வராந்தாவில் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள் என் சிநேகிதி. நான் பக்கத்தில் உட்கார்ந்தும் திரும்பிப் பார்க்கவில்லை.

"நீ ஒரு வக்கீல் வை" என்றேன். "கப்பல்காரங்க வெச்சாச்சு. நீயும் வை."

"வக்கீல் எதுக்கு? நீ வாயத் தொறந்தா போதாதா?"

"நான் சொன்னா அது வெறும் தெருப் பேச்சு. 'அப்படி யாரும் சொல்லல'ன்னு ஒரு வார்த்தைல முடிச்சிருவாங்க. உன் வக்கீல் கேட்டா கப்பல் ரெக்கார்டு, கிரேன் ரெக்கார்டு எல்லாம் பேப்பரா வரும். பேப்பர இல்லன்னு சொல்ல முடியாது."

இப்போது திரும்பினாள். "கேட்டா குடுப்பாங்களா?"

"குடுக்கலன்னா கோர்ட்டு குடுக்க வைக்கும்."

துறைமுகத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் பாரிமுனையில் ஒரு வக்கீலைப் பிடித்துக் கொடுத்தார்கள். வயதில் சின்னவர், ஆனால் விடாப்பிடி ஆள் என்று கேள்விப்பட்டேன். அவர் கேட்க வேண்டிய ரெக்கார்டையெல்லாம் கேட்டுக் கப்பல் கம்பெனிக்கு எழுதினார்.

மழைக்காலம் தொடங்கிய சமயத்தில் சிநேகிதி என் வீட்டுக்கு வந்தாள். அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். சமையலறையில் நின்றபடி, சேலை முந்தானையைச் சுருட்டிக்கொண்டே பேசினாள்.

"வக்கீலு அன்னிக்கு இன்னா நடந்துச்சுன்னு ஒண்ணு வுடாம கேக்கறாரு. ஒரு மேட்டர் மட்டும் சொல்லல. சொன்னா நமக்கே ஆப்பாயிடுமோன்னு பேஜாரா கீது. உன்கிட்ட சொல்றேன், அத சொல்லலாமா வாணாமான்னு நீயே சொல்லு. அது இன்னான்னா..."

"என்கிட்ட சொல்லாத!"

நான் கத்தியதில் அவள் பயந்துவிட்டாள். டீ கொதித்துக்கொண்டிருந்த அடுப்பை அணைத்துவிட்டு அவள் கையைப் பிடித்தேன்.

"நான் வக்கீல் இல்ல. என்கிட்ட சொன்னா நாளைக்கு என்னைக் கூண்டுல ஏத்திக் கேட்டா நான் சொல்லித்தான் ஆகணும். உன் வக்கீல்கிட்ட சொல்லு. நீ சொன்னத சொல்லுன்னு அவரை யாரும் கேக்க முடியாது. நீ சரின்னாதான் அவர் வாயத் திறக்கலாம்."

"நெஜமாவா?"

"நெஜமா. மறைச்சு வெச்சு அது எதிராளி மூலமா வந்தாதான் ஆப்பு. முன்னாடியே தெரிஞ்சா அவர் அதுக்கு வழி பார்ப்பாரு."

"தம்பி கூடவே வந்து உக்காந்துக்கறானே."

"வெளிய உக்காரச் சொல்லு."

"கோச்சுக்குவான்."

"கோச்சுக்கட்டும். அப்புறம், வாட்சப்புல எதையும் அனுப்பாத. சங்கத்து குரூப்புல போட்டுடாத."

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "குரூப்புல வாய்ஸ் மெசேஜ் போட்டு நாலு பேரக் கேக்கலாம்னு இருந்தேன்."

டீயை மறுபடி சுட வைத்துக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு யோசித்தாள். "அப்போ அந்த மாலுமிங்களும் இப்படித்தான் பயந்துகினு உக்காந்துகினு இருந்தாங்களா?"

"அதையும் சொல்ல மாட்டேன்."

சிரித்துவிட்டாள். விபத்துக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். மறுநாள் பாரிமுனைக்குத் தனியாகப் போனாள். தன் வக்கீலிடம் என்ன சொன்னாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வழக்கு விசாரணை வரைக்கும் போகவில்லை. ரெக்கார்டுகள் வந்தபின் இரண்டு பக்கத்து வக்கீல்களும் உட்கார்ந்து பேசினார்கள். பேசி முடித்து நஷ்டஈடு வந்தது. எவ்வளவு என்று வெளியே சொல்லக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். தெருவே அந்தத் தம்பியைச் சூழ்ந்துகொண்டு கேட்டது. அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது மாமு. லீகல் மேட்டரு" என்றானாம். என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஆபீசுக்கு நேரமாகி நான் ஓடிக்கொண்டிருந்த ஒரு காலையில் வண்டியை நிறுத்தி, "ஏறுக்கா" என்றான். ஏறிக்கொண்டேன்.

வக்கீலம்மா என்னை அதற்குப் பிறகும் கூப்பிடுகிறார், வேறு கப்பல்கள், வேறு விஷயங்கள். ஒவ்வொரு முறையும் முதலில் நானே கேட்கிறேன், இதில் எனக்குத் தெரிந்தவர் யாராவது உண்டா என்று. எங்கள் ஆபீசிலும் ஒரு மாற்றம் கொண்டுவந்தேன். ஆபீஸ் வக்கீல் அனுப்பும் கடிதங்களைப் படம் பிடித்து, டிரைவர் முதல் கொடவுன் ஆள் வரைக்கும் இருக்கும் குரூப்பில் போடுவது முதலாளியின் வழக்கம். "சார், இது உங்களுக்கு மட்டும் வந்தது. நீங்களே நாலு பேருக்குக் காட்டினா அப்புறம் இது ரகசியம்னு எப்படிச் சொல்வீங்க?" என்றேன். முறைத்தார். அன்றே அழித்தார். இப்போது அந்தக் கடிதங்களெல்லாம் என் பொறுப்பில்.

அடிபட்டவர் தேறி, கைத்தடியோடு நடக்க ஆரம்பித்தார். போன மாதம் ஒரு சாயங்காலம், கடலோரக் கருங்கல் குவியலுக்குப் பக்கத்து பஸ் ஸ்டாப்பில் கணவனும் மனைவியுமாக நின்றிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர் கைகாட்டி நிறுத்தினார்.

"ஒண்ணு கேக்கணும். உள்ள இன்னா பேசினாங்கன்னு கேக்கலம்மா, பயப்படாத. நான் கீழ கெடக்கசொல்ல கப்பல்லேர்ந்து ஒருத்தர் எறங்கி ஓடியாந்தாரு. சட்டைய அவுத்து என் தலைக்கு வெச்சாரு. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் கையப் புடிச்சுகினே இருந்தாரு. அவங்க பாஷைல தேங்க்ஸுன்னு எப்டி சொல்லணும்?"

"ஜேஸு திம்பாடே."

"ஜேசு..."

"திம்பாடே."

அவர் கடலைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தார். முதல் தடவை தப்பு. இரண்டாவது தடவை பாதி சரி. அவள் குறுக்கே புகுந்து தன் பங்குக்கு ஒரு தடவை சொன்னாள், அவரைவிட மோசமாக. நான் எழுத்து எழுத்தாகப் பிரித்துச் சொல்லிக் கொடுத்தேன். எண்ணூர் பஸ் வந்து நின்று கிளம்பிப் போனது. மூன்று பேரும் அதை விட்டுவிட்டு, அவருக்குச் சரியாக வரும் வரைக்கும் அங்கேயே நின்றோம்.