மும்மாரி சொன்ன மாயவன்

எங்கள் ஊருக்கு வந்து மாயவன் வீடு எது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். மந்திரி வீடு என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கையைக் காட்டும்.

அவருக்கு இரண்டு வேலை. ஒன்று, ஊராட்சியின் டேங்க் ஆபரேட்டர். மோட்டாரைப் போட்டு மேல்நிலைத் தொட்டியை நிரப்பி, சைக்கிளில் தெருத் தெருவாகப் போய் வால்வைத் திறந்து விடுவார். பத்தொன்பது வருடமாக இதைச் செய்கிறார். இன்னொன்று கூத்து. பங்குனி தொடங்கி ஆடி வரைக்கும் வேடியப்பனின் கூத்து ஜமாவோடு கச்சிராயபாளையத்தைச் சுற்றியுள்ள ஊர்களுக்கும், மலைமேல் வெள்ளிமலைப் பக்கமும் போவார். வேடியப்பன் ராஜா வேஷம், இவர் மந்திரி வேஷம். எந்தக் கதையாக இருந்தாலும் இவர் மந்திரிதான்.

ராஜா சபைக்கு வந்ததும் முதலில் கேட்பது ஒன்றே ஒன்று. "மந்திரி, நமது நாட்டில் மாதம் மும்மாரி பெய்கிறதா?" மந்திரி குனிந்து, "பெய்கிறது மன்னா. பயிர்கள் விளைகின்றன. மக்கள் சுகமாக வாழ்கிறார்கள்" என்பார். ராஜா திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் பாட்டுக்குப் போவார்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கரும்பு வெட்டப் போன காலத்தில் இருந்து எனக்கு இதில் ஒரு சந்தேகம். மழை பெய்கிறதா என்று தெரிந்துகொள்ள ராஜா வெளியே வந்து நின்றால் போதாதா? எதற்கு இன்னொருவரைக் கேட்க வேண்டும்? வகுப்பில்கூட எழுந்து கேள்வி கேட்காதவள் நான். ஒரு நாள் குழாயடியில் யாரும் இல்லாதபோது மாயவனிடம் கேட்டுவிட்டேன். முறைக்கு அவர் எனக்கு மாமா.

அவர் சிரிக்கவில்லை. "ராஜா எங்கம்மா நனையப் போறாரு? நனையறவனத்தான் கேக்கணும். அதான் கேக்குறாரு" என்றார்.

"மந்திரி இல்லன்னு சொல்லிட்டா?"

"கூத்து அங்கியே நின்னுடும். அடுத்த பாட்டுக்குப் போவ முடியாதே."

எனக்கு அந்தப் பதில் போதவில்லை. மந்திரியும்தான் எங்கே நனைகிறார் என்று கேட்க நினைத்தேன். கூச்சமாக இருந்தது, கேட்கவில்லை.

இதே காட்சி எங்கள் ஊரில் பகலிலும் நடக்கும். வருடத்தில் ஆறு நாள் கிராம சபை. பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் ஷாமியானா போட்டிருக்கும். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் கட்டாயம் வர வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுவார்கள். வந்ததும் பதிவேட்டில் கையெழுத்து, இல்லாவிட்டால் ரேகை. கையெழுத்துக்கு முந்தைய பக்கம், தீர்மானம் எழுதுகிற இடம், வெறுமையாக இருக்கும். அதை ஊராட்சிச் செயலர் சுபாஷ் கூட்டம் நடக்கும்போதோ முடிந்த பிறகோ எழுதி நிரப்புவார். ஒன்றியத்தில் இருந்து வருகிற அதிகாரி ஒரு தாளைப் பார்த்து வாசிப்பார். தெருவிளக்கு, குப்பை, கொசு மருந்து. பட்டியலில் குடிநீர் வந்ததும் நிமிர்ந்து, "குடிநீர் சீராக வழங்கப்படுகிறதா?" என்பார்.

கூட்டம் மாமாவைத் திரும்பிப் பார்க்கும். அவர் தோளில் கிடக்கிற துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, குனிந்து, கூத்துக் குரலில், "வழங்கப்படுகிறது மன்னா!" என்பார். மரத்துக் காக்கா பறந்துபோகிற அளவுக்குச் சிரிப்பு எழும். அதிகாரியும் சிரித்துவிடுவார். சுபாஷ் எழுதிக்கொள்வார். அப்புறம் டீயும் மிக்சரும். அந்தச் சிரிப்புக்காகவே சபைக்கு வருகிறவர்கள் உண்டு. நானும் சிரித்திருக்கிறேன்.

எங்கள் வீடு கிழக்குத் தெருவின் கடைசியில், வாய்க்காலை ஒட்டி இருக்கிறது. அங்கே ஏழு வீடுகள். கோமுகி அணைத் தண்ணீர் எங்கள் கண்ணெதிரே கரும்புக்கும் நெல்லுக்கும் போகும்; குடிக்கிற தண்ணீர் டேங்கில் இருந்துதான் வர வேண்டும். தெருவின் நடுவில் புது வீடுகள் வந்தன. சிலர் குழாயிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சினார்கள். மூன்று வருடமாக எங்கள் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. காலையில் குடத்தோடு கரும்புத் தோட்டத்து போர்வெல்லுக்கு நடப்போம். தோட்டக்காரர் மனது வைத்தால் குடம் நிறையும்.

எங்களில் துணிச்சலானவள் பக்கத்து வீட்டுக் காசியம்மாள் அக்கா. பொங்கல் முடிந்து ஒரு திங்கள்கிழமை என்னை இழுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் போய், கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தாள். எழுதியது நான். ஏழு வீட்டுக்கும் சேர்த்து ஒரு போர், ஒரு சின்னத் தொட்டி. மலையில் இருந்து வந்தவர்கள், உளுந்தூர்பேட்டைப் பக்கம் இருந்து வந்தவர்கள், எல்லாரும் தங்கள் தாளைக் கசங்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். எங்கள் தாளில் ஒரு எண் போட்டு வாங்கி வைத்தார்கள். இனி அது எந்த மேசைக்குப் போகும், யார் படிப்பார், படித்துவிட்டு எதைத் திறந்து பார்ப்பார் என்று பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

எதைத் திறந்து பார்த்தார்கள் என்று பங்குனியில் தெரிந்தது. ஒன்றிய அலுவலகத்தில் இருந்து பதில் வந்தது. கிராம சபைப் பதிவேடுகளைப் பரிசீலித்ததில், குடிநீர் சீராக வழங்கப்பட்டு வருவதாகத் தொடர்ந்து தீர்மானம் பதிவாகியுள்ளது. எனவே புதிய ஆழ்துளைக் கிணற்றுக்குத் தேவை எழவில்லை. கீழே தீர்மானங்களின் தேதிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு தேதியும் நாங்கள் சிரித்த நாள். அந்தப் பதிவேட்டில் என் கையெழுத்தும் இருக்கிறது.

காசியம்மாள் அக்கா தாளை எடுத்துக்கொண்டு நேராக டேங்குக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். மாமா மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்து வால்வு சாவியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா மந்திரியாரே, எங்க வூட்டாண்ட மும்மாரி பேயுதாமே? மூணு வருசமா எனுக்கே தெரியாம போச்சே" என்றாள்.

என்னைப் படிக்கச் சொன்னார். படித்தேன். இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்.

"இத்தையா எழுதி வச்சிக்கினு இருந்தாங்க?" என்று மட்டும் கேட்டார். சிரிப்புக்காகச் சொன்னதை ஒருவர் எழுதுவார், எழுதியதை இன்னொருவர் நம்புவார் என்று அவர் நினைத்தே பார்க்கவில்லை போல.

அடுத்த சபை மே ஒன்றாம் தேதி. அதில் தண்ணீர் வரவில்லை என்று அவர் வாயால் சொல்லி, அது தீர்மானமாக ஏறினால்தான் இன்னொரு மனு கொடுக்க முடியும், சொல்வீர்களா என்று அக்கா கேட்டாள். மாமாவுக்குச் சோறு கொண்டுவந்திருந்த அவர் மனைவி பாப்பாத்தி அத்தைதான் பேசினாள். இல்லை என்று சொன்னால், அப்போது இத்தனை நாள் நீ என்ன வேலை பார்த்தாய் என்று முதல் கேள்வி அவர் மேல்தான் வரும். இது நிரந்தர வேலை இல்லை, நாளைக்கே வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்றாள். அத்தை சொன்னதிலும் பொய் இல்லை.

அக்கா முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டாள். நான் தாளை மடித்துக்கொண்டு நின்றேன். மாமா சாவியைப் பார்த்தபடியே ஒரு விஷயம் சொன்னார். சில வருடங்களுக்கு முன்பு வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில் கூத்து. மழையே இல்லாத வருடம், சாமையும் தினையும் காய்ந்து கிடந்தன. வேடியப்பன் மும்மாரி கேட்டார், இவர் பெய்கிறது மன்னா என்றார். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, எங்கே பெய்கிறது, காட்டு என்றாளாம். மத்தளம் நின்றுவிட்டது. வேடியப்பன் ராஜா குரலிலேயே, மந்திரி, இவள் சொல்வது உண்மையா என்று கேட்டாராம்.

"நான் இன்னா சொல்றதுன்னு தெரியாம நின்னுக்கினே இருந்தேன். அப்பறம் கோமாளி கட்டியக்காரன் வந்து இன்னாத்தையோ சொல்லி சிரிப்பாக்கிட்டான்."

"ராஜாவே கேட்டாரே மாமா. அப்பவும் சொல்லலியா?"

"அது நம்ம பாடத்துல இல்லம்மா" என்றார்.

மே ஒன்றாம் தேதி வெயில் கடுமை. அப்படியும் கூட்டம் நிறைய வந்திருந்தது. ஏழு வீட்டுப் பெண்களும் முன்னால் உட்கார்ந்தோம். நான் சுபாஷின் மேசைக்குப் பக்கத்தில் தரையில். கையெழுத்து வாங்கியாகிவிட்டது. அதிகாரி தெருவிளக்கு, குப்பை, கொசு மருந்து எல்லாம் முடித்து நிமிர்ந்தார். குடிநீர் சீராக வழங்கப்படுகிறதா?

எல்லாரும் திரும்பினார்கள். மாமா எழுந்தார். கை தானாகப் போய்த் துண்டை எடுத்து இடுப்பில் கட்டியது. அந்த இடத்தில் பேசுவதற்கு அவரிடம் இருந்தது அந்த ஒரு குரல்தான். குனிந்து, "வழங்கப்படவில்லை மன்னா!" என்றார்.

அதுவரை கேட்டிராத சிரிப்பு. பழைய விளையாட்டைப் புதிதாகத் திருப்பிப் போட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டார்கள். சிலர் கை தட்டினார்கள். அதிகாரியும் சிரித்தார். சுபாஷும் சிரித்துக்கொண்டே எழுதினார். நான் அவர் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது பழகின தடத்திலேயே ஓடியது: குடிநீர் சீராக வழங்கப்படுகிறது.

அக்காவின் காதில் சொன்னேன். அவள் எழுந்தாள். "சுபாஷு, இப்ப எழுதினியே, அத்த கொஞ்சம் சத்தமா படி."

சுபாஷ் படித்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. மாமா இன்னும் குனிந்துதான் நின்றார். பிறகு நிமிர்ந்து, இடுப்பில் இருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"சார், நான் சிரிப்புக்குச் சொல்லல. கெழக்குத் தெருவுல கடசி ஏழு வூட்டுக்குத் தண்ணி போவல. மூணு வருசமாச்சு. போவுதுன்னு நான்தான் சொல்லிக்கினு இருந்தேன்."

வீட்டில் பேசுகிற சாதாரணக் குரல். ஒருவரும் சிரிக்கவில்லை. அப்படியானால் ஏன் இத்தனை நாள் மாற்றிச் சொன்னீர்கள் என்று அதிகாரி கேட்டார். பிறகு சுபாஷிடம் அந்த வரியை அடித்துவிட்டு வேறு எழுதச் சொன்னார். எழுதியதை அக்கா மறுபடியும் சத்தமாகப் படிக்கவைத்தாள்.

பத்து நாளில் மாமாவுக்கு மெமோ வந்தது. தவறான தகவல் அளித்தது ஏன் என்று ஏழு நாளுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும். இல்லாவிட்டால் வேலையில் இருந்து நீக்கப்படுவார். அதை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். கிழக்குத் தெரு வால்வு தெருமுனையிலேயே இருக்கிறது. திறந்துவிட்டுச் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். வாய்க்கால் வரைக்கும் அவர் வந்து நான் பார்த்ததில்லை. வந்தவர் முதலில் எங்கள் குழாயைத் திருகினார். காற்று சீறியது. மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

முதலில் கூத்து வசனம் போல நீளமாகச் சொன்னார். எழுதி, படித்துக் காட்டி, அடித்தேன். மூன்று தாள் போனது. கடைசியில் மெதுவாகச் சொன்னார்.

"தண்ணி சீரா போவுதான்னு கேட்டாங்க. வால்வு தொறந்தியான்னு கேக்குறதா நான் எடுத்துக்கினேன். தெனம் தொறந்தேன். அதனால ஆமான்னு சொன்னேன்."

எழுதினேன். எழுதிவிட்டு, எங்களுக்குத் தண்ணீர் வரவில்லை என்பது அவருக்குத் தெரியாதா என்று கேட்டேன்.

"தெரியும். நீங்க கொடத்தோட போறத பாத்துக்கினுதான இருந்தேன். கேட்டது அதத்தான்னு தோணல" என்றார்.

இதையும் எழுதட்டுமா என்றேன். எழுதினால் வேலை போனாலும் போகும் என்று இருவருக்கும் தெரியும்.

"எழுதும்மா" என்றார்.

கடிதம் போன பிறகு அத்தை ஒவ்வொரு நாளும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா தெருமுனையில் வால்வைத் திறந்துவிட்டு வாய்க்கால் வரைக்கும் வந்து போகத் தொடங்கினார். வழியில் மோட்டார் போட்ட வீடுகளில் வாய்ச்சண்டை. இரண்டு வீட்டில் மோட்டாரைக் கழற்றினார்கள், மற்றவர்கள் கேட்கவில்லை. நாங்கள் தீர்மானத்தின் நகலோடு இரண்டாவது மனு கொடுத்தோம். ஆடி முடிவில் மாமாவுக்கு ஒரு வரிப் பதில் வந்தது: எச்சரிக்கையுடன் பணியில் தொடரலாம். புரட்டாசியில் லாரி வந்து போர் போட்டது. சின்னத் தொட்டியும் வந்தது.

நவம்பர் ஒன்றாம் தேதி சபை. குடிநீர் சீராக வழங்கப்படுகிறதா என்று கேட்டார்கள். எல்லாரும் பழக்கத்தில் மாமாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் துண்டைத் தொடவில்லை.

"நான் தெனம் வால்வு தொறக்கறேன் சார். மீதிய காசியம்மாள கேளுங்க."

அக்கா எழுந்தாள். "வருது. ஆனா உப்பா வருது. ரெண்டையும் எழுதுங்க."

சுபாஷ் இரண்டையும் எழுதி, சத்தமாகப் படித்தார். பிறகுதான் கையெழுத்துப் பக்கத்தைத் திறந்தார்கள். சிரிப்பில்லாமல் சபை முடிந்துவிட்டதே என்று சிலருக்குக் குறைதான்.

டீ குடிக்கும்போது வேடியப்பன் வந்து மாமாவின் முதுகில் தட்டினார். "யோவ் மந்திரி, இப்பிடியே போனா பங்குனியில என் சபையிலயும் மும்மாரி பெய்யுதான்னு கடசி வூட்டத்தான் கேக்கணுமா?"

மாமா கொஞ்சம் மிக்சரை வாயில் போட்டுக்கொண்டு யோசித்தார்.

"கேட்டுத்தான் பாரேன்" என்றார்.