நிழலக்காவும் பக்கத்து வீட்டு மரமும்

ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் அவளுக்கு நிழலக்கா என்று பெயர். கட்டப்போகும் கட்டடத்தைக் கணினிக்குள் முழுசாகக் கட்டிப் பார்ப்பது அவள் வேலை. அந்த மாடல் வெறும் படம் இல்லை. சுவரைத் தொட்டால் என்ன கல், எவ்வளவு சூட்டை உள்ளே விடும், எத்தனை ஏசி கேட்கும் என்று எல்லாம் சொல்லும். அவளும் எதைக் கேட்டாலும் முதலில் வெயிலை ஓடவிட்டுப் பார்த்துத்தான் பதில் சொல்வாள். வீட்டுக்கு ஒரு சாய்வு நாற்காலி வாங்கி வந்த கணவர், அதை எங்கே போடுவது என்று அவள் முடிவு செய்யும்வரை நின்றபடியே பேப்பர் படித்தார்.

பல் டாக்டரம்மா ஒருவருக்குக் கிளினிக் கட்டும் வேலை வந்தது. மேற்கே பெரிய பெரிய ஜன்னல்கள். ஆனாலும் பாதி ஏசி போதும் என்றது மாடல். ஆர்க்கிடெக்ட் அதைத் தன் கைராசி என்று நினைத்துக்கொண்டார். புண்ணியம் பக்கத்து வீட்டு மரத்துடையது என்று நிழலக்கா சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

அஸ்திவாரம் எழும்பும் நேரத்தில், பக்கத்து வீட்டுக்காரர் மரத்தை வெட்ட ஆள் பேசிவிட்டதாக மேஸ்திரி சொன்னார். மாடலில் மரத்தை எடுத்துப் பார்த்தாள். சிகிச்சை அறை அடுப்பாகிவிட்டது. ஆர்க்கிடெக்டுக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"நீயே போய்ப் பேசும்மா. மரத்தை உள்ள வச்சது நீதானே" என்றார்.

பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். இலை விழுந்து மொட்டைமாடிக் குழாய் அடைத்துக்கொள்கிறது என்பது அவர் குறை. அவள் மடிக்கணினியைத் திறந்து சூட்டுக் கணக்கை விளக்கினாள். அவர் கண் திரையில் வேறெங்கோ நின்றது.

"இது என்ன டப்பா?"

"உங்க வீடு சார்."

"இதுவா? டாக்டருக்கு ஜன்னல் கம்பி வரைக்கும் போட்டிருக்கீங்க. எனக்கு ஒரு கதவுகூட இல்லையே. நான் எப்படி உள்ள போறது?"

அக்கம்பக்கத்து வீடுகளைப் பெட்டியாகப் போடுவதுதான் வழக்கம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே உட்கார்ந்து வரைய ஆரம்பித்தாள். அவர் பின்னால் நின்று, பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்க வைப்பவர்போல, "வரலாம், வரலாம், லெஃப்ட்ல ஒடிங்க, போதும்" என்று பால்கனியை நிறுத்தினார். பச்சை வண்ணம், கேட், ஸ்கூட்டர் எல்லாம் வந்தன. கொடியில் காய்ந்த பனியனை மட்டும் அவர் மனைவி எடுக்கச் சொல்லிவிட்டார்.

பிறகு மரத்தை நீக்கிக் காட்டினாள். சூட்டைக் காட்டும் சிவப்பு பால்கனி முழுக்கப் பரவியது.

"என் வீடு கருகுதேம்மா" என்றார் அவர், அது பெட்டியாக இருந்தபோதும் அப்படித்தான் கருகியது என்பதை மறந்து.

மரம் பிழைத்தது. குழாய் வாயில் வலை போட டாக்டரம்மா ஒத்துக்கொண்டார். கிளினிக்குக்கு எந்தப் படம் போட்டாலும் அதில் தன் வீடு முழுசாகத் தெரிய வேண்டும் என்பது டிரைவரின் இன்னொரு நிபந்தனை.

தெரிந்தது. திறப்புவிழா அழைப்பிதழில் போட்ட மாடல் படத்தில் பச்சை வீடு ஜம்மென்று முன்னால் நிற்க, கிளினிக் அதன் பின்னால் ஒதுங்கியிருந்தது. விளைவாக, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் டிரைவர் வீட்டுக் கேட்டைத் தட்டினார்கள். அவரும் உட்கார வைத்து, எந்தப் பல் என்று விசாரித்து, ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் அடுத்த கட்டடத்துக்கு அனுப்புகிறார். பாதிப் பேர் வாயைத் திறந்தபடியே உள்ளே வருகிறார்கள் என்று டாக்டரம்மா சொல்கிறார்.