தோட்டத்தைப் புகழ்ந்த டிரைவர்

வெயில் தணிந்துவிட்டதால் இன்று கபீல் (எனக்கு விசா கொடுத்த அரபு முதலாளி) குடும்பத்தை லிவா பாலைவனம் பக்கம் அவர்களுடைய பேரீச்சந்தோட்டத்துக்கு ஓட்டிப் போனேன்.

பிள்ளைகள் வாய்க்காலில் ஆடினார்கள். கபீல் பாயில் சாய்ந்து காவா காப்பி குடித்துக்கொண்டிருந்தார். தையில் தங்கச்சி கல்யாணம். லீவு கேட்க இதுதான் நேரம் என்று முதலில் ஐஸ் வைத்தேன்.

"பாபா, இங்க வந்தா எங்க ஊர்ல இருக்கிற மாதிரியே இருக்கு. தைக்கு ஒரு மாசம் லீவு..."

அவர் முகம் மலர்ந்தது. "அச்சா. அப்போ ஊர் எதுக்கு? எல்லா வெள்ளியும் இங்கயே வருவோம். லீவு மாஃபி, கிடையாது."

என் பாஸ்போர்ட்டோ அவர் அலமாரியில்.

கறி சுட்டுக்கொண்டிருந்த நாகர்கோவில் சமையல்காரர் நிமிராமலே சொன்னார்: "நானும் இதத்தாம்ல மக்கா சொன்னேன். மூணு வருசமாச்சி."

லீவு கிடைத்தவர்கள் என்ன சொல்லிக் கேட்டீர்கள் என்று கீழே எழுதுங்கள். தோட்டத்தைப் புகழ்ந்தவர்கள் எழுத வேண்டாம்.