வாசலோடு திரும்பியவர்

அன்று காலை நான் முதல் வேலையாக அளவு நாடாவைக் காயப்போட்டேன். முதல்நாள் துறைமுகப் பக்கம் வரிக்காக வீடு அளக்கப் போன இடத்தில் மழை பிடித்துவிட்டது. ஈர நாடாவை அப்படியே சுருட்டினால் இலக்கங்கள் அழிந்துபோகும். மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை. ஒரு முனையைக் கொய்யா மரத்தில் கட்டி, மற்றதைக் குசினி யன்னலில் கட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. என் தோழி சுகந்தியின் கணவர் சிறீதரன்.

“ஜெஸீமா, அவ விடியக்காலமை போயிட்டா,” என்றார். “ஒருத்தரோடயும் சண்டை பிடிக்காமப் போயிட்டா. அதுதான் எனக்கு நம்பேலாமக் கிடக்கு.”

என்னாலும் நம்ப முடியவில்லை.

பின்னேரம் கப்பல்துறைக் கிராமத்தில் சுகந்தியின் வீட்டு முற்றத்தில் நின்றபோது, வெள்ளைச் சேட்டுடன் ஒருவர் மலர்வளையத்தோடு வந்து இறங்கினார். எங்களுடைய பழைய ஆய்வுப் பொறுப்பாளர்; முனைவர் பட்டம் பெற்றதால் ஊரில் எல்லோருக்கும் ‘கலாநிதி’. அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. தன் பெயரை அச்சில் பார்ப்பது அவருக்கு மிகவும் பிடித்தமான காரியம். அந்தச் சந்தோஷத்தைக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. அவர் சிறீதரனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “சுகந்தி எனக்கு ஒரு மகள் மாதிரி,” என்றார். “முப்பத்தோராம் நாள் நினைவுக் கூட்டத்தை எங்கட மச்சான்ட கலியாண மண்டபத்தில வைப்பம். ஒரு சதமும் வேண்டாம். சபைத் தவிசாளரையும் நான் கூப்பிடுறன்.”

களைத்துப்போயிருந்த சிறீதரன் தலையாட்டிவிட்டார். அவரில் பிழையில்லை. நான்தான் கையிலிருந்த சோடாவைக் குடிக்க முடியாமல் கீழே வைத்தேன். ஊரில் சுகந்தி காலெடுத்து வைக்க மறுத்த இடம் ஒன்றே ஒன்று. அது அந்த மண்டபம்.

அந்தக் கதையை, தெரியாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

யுத்தம் முடிந்து ஊர் மெல்ல எழும்பிக்கொண்டிருந்த காலத்தில், பல்கலைக்கழகப் படிப்பை முடித்த எங்கள் இருவரையும் ஓர் ஆய்வுத் திட்டத்தில் பயிலுநர்களாக எடுத்தார்கள். கரையோரத்து உள்ளூராட்சிச் சபையொன்று தன் வருமானத்தை எப்படித் தேடுகிறது, ஆதனவரி ஏன் சரியாகச் சேருவதில்லை என்று கண்டறிவதுதான் வேலை. வீட்டுக்கும் கட்டடத்துக்கும் சபை அறவிடும் வரி அது. தெருவிளக்கு எரிவதும் கழிவுநீர்க் கான் துப்புரவாவதும் அதிலிருந்துதான். நான் கிண்ணியாவிலிருந்து வருவேன். சுகந்தி கப்பல்துறையிலிருந்து பஸ்ஸில் வருவார். முதல்நாளே என்னை “நீர்” என்று அழைத்தார். எங்கள் ஊரில் ஒருவரும் என்னை அப்படி அழைத்ததில்லை. பிறகு நானும் அவரை நீர் என்றே அழைக்கப் பழகிக்கொண்டேன்.

நாடாவின் பூச்சிய முனை எப்போதும் அவர் கையில். மறுமுனையில் நின்று வாசிப்பது நான். மீன்பிடிப் பக்கத்தில் ஒரு வீட்டில், வரிக்காரர் என்று நினைத்த பெண் கதவிடுக்கால் எட்டிப் பார்த்து, “அவர் கடலுக்குப் போயிட்டார், பிறகு வாங்கோ,” என்றார். உள்ளே ஓர் ஆண் இருமினார். சுகந்தி முகத்தை மாற்றாமல், “அப்ப கடல் உங்கட குசினிக்குள்ள வந்திட்டுதோ அக்கா?” என்றார். அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் கதவு தானாகத் திறந்தது. உள்ளே இருந்தவரே எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

அதே கிழமையில்தான் அந்த இரண்டு கட்டடங்களையும் பார்த்தோம். ஒன்று, ஷெல் விழுந்து பாதிக் கூரை போன வீடு. கணவரை இழந்த பெண்ணொருவர் மிச்சப் பாதியில் வாழ்ந்தார். சபை அதை முழு வீடாகவே கணித்திருந்தது. மற்றது அந்த மண்டபம். டைல்ஸ் பதித்து, குளிரூட்டி போட்டு, வாரம் தவறாமல் கலியாணம் நடக்கும் இடம். அதன் மேல்தட்டில் நான்கு தூண்களில் இரும்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கும். பக்கத்தில் ஒரு படிக்கட்டு, சாந்து பூசாமல், எங்கேயும் போகாமல் பாதியில் நிற்கும். கட்டி முடியாத கட்டடத்துக்கு எங்கள் சபையில் வெறும் காணிக்குரிய வரிதான். அந்தப் படிக்கட்டை மண்டபக்காரர் வேண்டுமென்றே முடிக்காமல் வைத்திருந்தார். கம்பிகளுக்குத் துருப்பிடிக்காமல் வர்ணம்கூடப் பூசியிருந்தார்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து சுகந்தி ஓர் அத்தியாயம் எழுதினார். கலாநிதி அதைப் படித்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார்.

“பிள்ளை, இது ஆராய்ச்சி. சண்டைக்காரியின்ட மனு இல்லை. அந்த மண்டபம் இன்னும் கட்டி முடியேல்ல. எனக்குத் தெரியும், அது என்ர மச்சான்ட.”

“சேர், உங்கட மகளின்ட பிறந்தநாளுக்கு அங்கதான் நாங்கள் வந்தனாங்கள்,” என்றார் சுகந்தி. “கட்டி முடியாத இடத்தில எப்பிடி சேர் ஐஸ்கிறீம் உருகாமல் இருந்தது?”

நான் குனிந்து என் செருப்பைப் பார்த்தேன். சிரித்துவிடுவேனோ என்று பயம்.

அறிக்கை வெளிவந்தபோது அந்த அத்தியாயம் இல்லை. சுகந்தியின் பெயரும் இல்லை. மேற்படிப்புக்கு அவர் விண்ணப்பித்த இடங்களுக்கெல்லாம், களத்தில் ஒழுங்காக நடக்கத் தெரியாதவர் என்று கலாநிதி எழுதி அனுப்பியிருந்தார். இந்தத் துறையில் ஆய்வாளராக வேண்டும் என்பதைத் தவிர வேறொரு ஆசையும் இல்லாத பெண்ணுக்கு எல்லாக் கதவும் மூடின. என்னுடைய சான்றிதழைக் கிழித்தெறியப் போகிறேன் என்று நான் சொன்னபோது என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“விசர்க்கதை கதையாதேயும். நீர் சபைக்குள்ள வேலைக்குப் போம். உள்ளுக்கு எனக்கொரு ஆள் வேணும்.”

நான் போனேன். இன்று அதே சபையில் வருமானப் பரிசோதகராக இருக்கிறேன். அவர் உயர்தர மாணவருக்குப் பொருளியல் கற்பித்தார். அவருடைய பிள்ளைகள் பலர் இன்று கணக்காளர்கள். வரி என்றால் என்னவென்று மறக்க முடியாதபடி அவர்களுக்குப் படிப்பித்திருந்தார்.

அந்த மண்டபத்தில் நடந்து, தனக்கு அழைப்பு வந்த எந்தக் கலியாணத்துக்கும் அவர் வராமல் விட்டதில்லை. பட்டுச்சேலை உடுத்தி வருவார், வாசலில் நிற்பார், பரிசைக் கொடுப்பார், திரும்பிவிடுவார். என் தங்கையின் கலியாணத்தில் வாப்பா பதறிப்போய் வெளியே ஓடினார்.

“என்ன புள்ள, வெயிலுக்குள்ள நிக்கிறீங்க? உள்ளுக்கு வாங்க.”

“இல்ல வாப்பா, இது இன்னும் கட்டி முடியேல்ல. கட்டி முடியட்டும், வாறன்.”

வாப்பா வாசலுக்கே ஒரு கதிரையும் ஒரு கோப்பை வட்டிலப்பமும் அனுப்பினார். சுகந்தி அதில் கால்மேல் கால் போட்டிருந்து, மேலே கம்பிகளைப் பார்த்தபடி சாப்பிட்டார். மண்டபக்காரர் சிரித்துக்கொண்டே வந்து, “தங்கச்சிக்கு இன்னும் கோவமோ?” என்று கேட்டார்.

“கோவமில்லை அண்ணை, பயம். வேலை நடக்கிற இடமெல்லோ, தலையில கல்லு விழுந்தா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மண்டபக்காரர் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பை அவர் ஒவ்வொரு கலியாணத்திலும் கேட்க வேண்டியிருந்தது. சுகந்தியின் பழிவாங்கல் அவ்வளவுதான். அது போதாது என்று அவருக்கும் தெரியும்.

என் பங்குக்கு நான் செய்தது அதைவிடக் குறைவு. பரிசோதனைக்குப் போகுமுன் கடிதம் அனுப்ப வேண்டும் என்பது விதி. கடிதம் போனதும் மண்டபத்துக் கதிரைகள் மறையும். வாசலில் சீமெந்துப் பைகள் வந்து குந்திக்கொள்ளும். ‘வேலை நடைபெறுகிறது’ என்ற குறிப்போடு என் அறிக்கை மேலிடத்திலிருந்து திரும்பி வரும்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சுகந்தியின் குரல் நன்றாக மெலிந்திருந்தது. நாக்கு மெலியவில்லை. “நான் செத்தா, எல்லாரையும் மன்னிக்கிற மனசுக்காரி எண்டு எழுதுவினம் பாரும். நீர் அப்பிடி எழுதாதேயும். ஒருத்தரையும் மன்னிக்கேல்ல எண்டு எழுதும். சிறீயை மட்டும் மன்னிச்சிட்டன். பாவம், அவர் போட்ட தேத்தண்ணியை இவ்வளவு காலம் குடிச்சனான்.”

ஆகவே எழுதுகிறேன்: சுகந்தி மன்னிக்கவில்லை. தன் வாழ்வின் விருப்பத்தை ஒரு படிக்கட்டுக்காகப் பறித்தவரை அவர் மன்னிக்கவில்லை. நான் இயல்பில் கோபக்காரி அல்ல. வீட்டில் என் குரல் உயர்ந்ததை யாரும் கேட்டதில்லை. ஆனால் “மகள் மாதிரி” என்ற சொல் காதில் விழுந்த அந்தப் பின்னேரத்திலிருந்து, தொழுதுவிட்டு எழும்பும்போதும் அது என்னோடு எழும்புகிறது. இது துக்கம்தானா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். துக்கம் வேறாக இருக்கிறது; இது அதன் பக்கத்தில் இருக்கிறது. இரண்டையும் நான் பிரித்து வைக்கப் போவதில்லை.

நினைவுக் கூட்டத்தில் நன்றியுரை என்னுடையது. கலாநிதி தலைமை தாங்குவார். தவிசாளர் முன்வரிசையில் இருப்பார். மின்விசிறிகள் சுழலும், பந்திக்கு இலை போட்டிருக்கும், எல்லாக் கதிரைகளும் நிறைந்திருக்கும். சீமெந்துப் பைகளை அன்றைக்கு வாசலில் வைக்க முடியாது. மண்டபக்காரரே அழைத்து உள்ளே போகும் பரிசோதகருக்கு முன்கடிதமும் தேவையில்லை.

நான் என்ன செய்யப்போகிறேன் என்பதைச் சிறீதரனுக்கும் சொல்லவில்லை. இந்த நினைவு மலரை அச்சுக்குக் கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. “நீங்கள் எழுதினாச் சரி,” என்று அவர் வாசிக்காமலே விட்டுவிட்டார். அவரிடம் மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன். இதற்குப் பிறகு என்னை வெருகலுக்கு அப்பால் எங்காவது தூர ஊருக்கு வேலை மாற்றக்கூடும். மாற்றட்டும்.

மைக்கின் முன்னால் நின்று நன்றி சொல்வேன்: டைல்ஸுக்கு நன்றி, குளிரூட்டிக்கு நன்றி, கூரைக்கு நன்றி. பிறகு கைப்பையிலிருந்து, கொய்யா மரத்தில் காய்ந்த அந்த நாடாவை எடுப்பேன். அதற்கு இரண்டு பேர் வேண்டும். பூச்சிய முனையைக் கலாநிதியிடம் நீட்டி, “சேர், கொஞ்சம் பிடியுங்கோ,” என்பேன். தவிசாளரின் முன்னால் அவர் பிடிக்கத்தான் வேண்டும். பிடிக்காவிட்டால் ஏன் என்று சொல்ல வேண்டும். அளந்து முடித்து, பாவனையில் உள்ள முழுக் கட்டடம் என்று அங்கேயே எழுதிக் கையொப்பமிடுவேன்.

நினைவு மலரைப் பந்தி முடிந்து வெளியேறும்போது வாசலில்தான் கொடுப்பார்கள். நீங்கள் இதை வாசிக்கும்போது அது நடந்து முடிந்திருக்கும். திரும்பிப் பாருங்கள், அந்த வாசலில்தான் அவர் பட்டுச்சேலையோடு நின்றார்.

கட்டி முடிஞ்சுது, சுகந்தி. இனி உள்ளுக்கு வாரும்.