ஆறாவது ஸ்டேஷன்

இது நடந்தது. ஒருவர் சொல்லி, இன்னொருவர் ஊதிப் பெருக்கி, மூன்றாவது ஆள் மூக்கும் முழியும் வைத்த கதை இல்லை. முப்பத்தெட்டு ரெக்கார்டு நோட்டுகளில் நீல மையில் இருக்கிறது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். அந்த வெள்ளிக்கிழமை மதியம் வரைக்கும் உப்புமூட்டை சாரும் சிரிக்கிற கட்சிதான்.

உப்புமூட்டை என்பது பிள்ளைகள் வைத்த பெயர். ஆள் குண்டு. கடல் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று பேச ஆரம்பித்தால், மணி அடித்த பிறகும் இறக்கி வைக்க மாட்டார். முதலாம் ஆண்டுக்குக் ‘கடலியல் அறிமுகம்’ பாடம் எடுக்க ஒப்பந்தத்தில் வந்தவர். பீச்சுக்குக் கூட்டிப் போவார்கள் என்ற ஆசையில் சேர்ந்த முப்பத்தெட்டு பிள்ளைகள் அவருக்கு வாய்த்திருந்தார்கள்.

பீச்சாவது ஒன்றாவது. ஒன்பது வருஷமாக அந்தப் பாடத்தில் யாரும் கடலில் கால் நனைத்ததில்லை. முறைப்படி என்றால் படகில் போய், ஐந்து இடங்களில் நிறுத்தி, கயிற்றில் ஒரு வெள்ளைத் தட்டை இறக்க வேண்டும். எத்தனை மீட்டரில் தட்டு கண்ணுக்கு மறைகிறது, தூக்கும்போது எத்தனையில் மறுபடி தெரிகிறது என்று குறிக்க வேண்டும். பிறகு மீட்டர் மீட்டராகத் தண்ணீரின் வெப்பம். அப்படி நிறுத்தும் இடத்துக்கு ஸ்டேஷன் என்று பெயர். ரயிலும் வராது, போலீசும் இருக்காது.

அந்தத் துறையின் வழக்கமே வேறு. காக்கி அட்டை போட்டு, அட்டையில் இருந்த பெயரைப் பிளேடால் சுரண்டிய பழைய நோட்டு ஒன்று உண்டு. வாத்தியார் அதைப் பார்த்து வாசிப்பார். பிள்ளைகள் தாங்களே போய் அளந்த மாதிரி எழுதிக்கொள்வார்கள். ஸ்டாஃப் ரூமில் இதற்குப் ‘படகு ஏத்துறது’ என்று செல்லப்பெயர்.

“திங்கக்கிழமை வெளியிலேர்ந்து தேர்வாளர் வர்றார். இன்னைக்கே படகு ஏத்திடும்,” என்றார் துறைத்தலைவர்.

“கடலைப் பார்க்காம கடல் பாடமா சார்? நேர்ல அளந்ததுன்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?”

“நிலாவைப் பத்திப் பாடம் எடுக்கிறவன் நிலாவுக்கா போயிட்டு வர்றான்? உம்ம ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது. ஞாபகம் இருக்கட்டும்.”

ஞாபகம் இருந்தது. வீட்டில் ஏழு மாதக் கைக்குழந்தை. கையெழுத்துப் போட்டால் வேலை. போடாவிட்டால் இல்லை. உப்புமூட்டை சார் பல்லைக் கடித்துக்கொண்டு வகுப்புக்குப் போனார்.

மணி 2.05. வாசித்தார். வாசித்தார் என்பதைவிடத் துப்பினார் என்பதுதான் சரி. முதல் ஸ்டேஷன், இரண்டாவது, மூன்றாவது... பிள்ளைகள் கை வலிக்க எழுதிக்கொண்டே பின்னால் ஓடினார்கள். 2.30க்கு ஐந்தாவது முடிந்தது. நோட்டை அறைந்து மூடினார். ஐந்தாவதுக்கு அடுத்த தாள் கிழிக்கப்பட்டிருந்தது. அதை அவர் கவனித்தார், ஆனால் கோபத்தில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி ஒரு பெருமூச்சு விட்டார்.

மணி அடித்தது. 2.45.

ஒரு பெருமூச்சுக்குப் பதினைந்து நிமிஷமா? தன் உடம்புக்கு அது சாத்தியம்தான் என்று நினைத்துக்கொண்டார்.

3.20க்கு ஆய்வகத்தில் உட்கார்ந்து முதல் நோட்டைப் பிரித்தார். ஐந்து ஸ்டேஷன். பக்கத்தைத் திருப்பினால்...

ஸ்டேஷன் 6. நேரம்: பிற்பகல் 2.31. தட்டு மறைந்தது: 7 மீட்டர். மறுபடி தெரிந்தது: எண் இல்லை, வெறும் கோடு. அதற்குக் கீழே வெப்பம். ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் என்று பதினான்கு வரைக்கும் இறங்கிப் போனது.

இரண்டாவது நோட்டிலும் அது இருந்தது. பத்தாவதிலும். முப்பத்தெட்டிலும்.

ரத்தம் தலைக்கு ஏறியது. விளையாடுகிறார்களா? பஸ்ஸுக்கு நின்ற லீடர் பெண்ணைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

“ஆறாவது ஸ்டேஷன் யார் சொன்னது?”

“நீங்கதான் சார்.”

“நான் அஞ்சோட நிறுத்திட்டேன்!”

“இல்ல சார். ஜன்னல் பக்கம் திரும்பி நின்னு சொன்னீங்க. மத்ததெல்லாம் எக்ஸ்பிரஸ் மாதிரி ஓட்டினீங்க. இது மட்டும் மெதுவா. ஒவ்வொண்ணும் சொல்லிட்டு நிறுத்துவீங்க. நாங்க திருப்பிச் சொன்னாத்தான் அடுத்தது.”

அது படகு வழக்கம். ஒருவர் அளவைப் பார்த்துச் சொல்வார். எழுதுகிறவர் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். காற்றிலும் அலையிலும் எண் மாறிப் போகாமல் இருக்க. இந்தப் பிள்ளைகளுக்கு அதை அவர் சொல்லிக்கொடுத்ததே இல்லை.

“திருப்பிச் சொல்லணும்னு உங்களுக்கு யார் சொன்னா?”

லீடர் விழித்தாள். “தெரியல சார்... எல்லாரும் சொன்னோம்.”

“என் குரல்தானா?”

“ஜலதோஷம்னு நினைச்சோம். தொண்டையில தண்ணி நிக்கிற மாதிரி இருந்துச்சு. முதுகுல சட்டை வேற தொப்பலா நனைஞ்சிருந்துச்சு சார். வேர்வைன்னு...” அவள் முடிக்கவில்லை. “சார், பஸ் போயிடும்.” ஓடிவிட்டாள்.

4.15. ஆய்வகத்தில் அவர் மட்டும்.

சொத்.

குழாயைப் பார்த்தார். இறுக மூடியிருந்தது.

சொத்... சொத்...

அலமாரிப் பக்கமிருந்து வந்தது. ஈரக் கயிறு மரப்பலகையில் விழுகிற சத்தம். பிறகு சரசரவென்று கயிறு இறங்குகிற சத்தம். நின்றது. மறுபடி இறங்கியது.

உப்புமூட்டை சாருக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். “யாருடா அது? மரியாதையா வெளியில வா!”

கயிறு நின்றது.

அவருக்குப் பின்னால், காதுக்கு ஒரு சாண் தள்ளி...

“பதினஞ்சு மீட்டர்.”

பெண் குரல். சின்ன வயசு.

“இருபத்திநாலு புள்ளி மூணு.”

அவர் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

குரல் காத்திருந்தது. முதுகில் சில்லென்று ஏதோ வழிந்தது.

எதற்காகக் காத்திருக்கிறது?

புரிந்தது.

“இருபத்தி... நாலு புள்ளி... மூணு,” என்றார்.

ஒரு மூச்சு. நிம்மதியா, அழுகையா, தெரியவில்லை.

“தரை.”

“தரை,” என்றார்.

அப்புறம் ஒன்றுமில்லை.

மணி 4.19. மேலே கிடந்த நோட்டில் சிவப்பு மையால் அதையும் எழுதினார். நேரத்தோடு. ஏன் எழுதினார் என்று அவருக்கே தெரியாது.

வெளியே வந்து, கண்ணாடிக் குடுவைகள் கழுவுகிற அக்காவிடம் போய் நின்றார். இருபது வருஷமாக அங்கே வேலை பார்ப்பவர். இவர் சொன்னதைக் கேட்டு அக்கா ஆச்சரியப்படவில்லை. கையைத் துடைத்துக்கொண்டார்.

“முன்னல்லாம் ஆறு ஸ்டேஷன் தம்பி. ஒன்பது வருஷம் முந்தி, அஞ்சு முடிஞ்சதும் காத்து ஏறிடுச்சு. திரும்பிடலாம்னு படகுக்காரர் கெஞ்சினாராம். உங்க தலைவர்தான் அன்னைக்குப் படகுல இருந்தார். ‘சிலபஸ்ல ஆறு இருக்கு, ஆறும் எடு’ன்னார். அளவு பார்த்துச் சொன்ன பொண்ணு, தட்டு மறுபடி தெரியுதான்னு எட்டிப் பார்த்தா. மிதவைச் சட்டை யாருக்குமே கிடையாது. அவ்வளவுதான். உடம்புகூடக் கிடைக்கல.”

“கல்லூரி என்ன சொல்லுச்சு?”

“அவளா விளையாடி விழுந்துட்டான்னு சொல்லுச்சு. அடுத்த வருஷம் சிலபஸ்ல ஆறு அஞ்சாச்சு. நீங்க வாசிக்கிற காக்கி நோட்டு அவ சொல்லச் சொல்ல அவ தோழி எழுதினது.”

அளந்தவர் என்று அட்டையில் எழுதியிருந்த பெயரை ஏன் பிளேடால் சுரண்டியிருந்தார்கள் என்று இப்போது தெரிந்தது. அவள் எண்கள் வேண்டும். அவள் வேண்டாம். ஒன்பது வருஷம், ஒவ்வொரு வருஷமும், அவளுடைய கடைசிக் காலை நேரத்தை வாசித்து மதிப்பெண் போட்டிருக்கிறார்கள்.

வீட்டில் மனைவி சட்டையை உரித்து வாங்கிப் பார்த்தாள். முதுகெல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

“எங்க போய் உருண்டீங்க? காலையிலதானே துவைச்சுக் கொடுத்தேன்?”

சொன்னார். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முழுசாகக் கேட்டாள்.

“காலையில நான் என்ன சொன்னேன்? கையெழுத்துதானே, போட்டுத் தொலைங்கன்னேன்ல?”

“ஆமா.”

“போடாதீங்க. வேற வேலை தேடிக்கலாம்.”

திங்கள் காலை 9.10. துறைத்தலைவரின் மேஜையில் முப்பத்தெட்டு நோட்டுகளையும் தொப்பென்று போட்டார். ஐந்து ஸ்டேஷன்களையும் சிவப்பு மையில் குறுக்கே அடித்து, ‘இது என் மாணவர்கள் அளந்ததல்ல’ என்று எழுதியிருந்தார். ஆறாவதின் கீழே மட்டும் கையெழுத்து.

தலைவர் பக்கத்தைப் பார்த்தார். முகத்தில் இருந்த நிறம் எங்கே போனதென்று தெரியவில்லை.

“இந்தத் தாளை நான்தானே...”

“கிழிச்சீங்க. தெரியும்.”

“உம்மைத் தொலைச்சிடுவேன்!”

“என்னைத் தொலைங்க சார். எனக்குப் பழகிடும். அந்தப் பொண்ணைத் தொலைச்சீங்களே, அவங்க அம்மா முகத்தைப் பார்த்து என்னய்யா சொன்னீர்?” அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு எழுந்து நின்றது.

வேலை போனது. அன்று மாலையே. அதில் பேய் ஒன்றும் இல்லை.

ஆனால் அன்று வந்த தேர்வாளர் அதற்குள் அந்த நோட்டுகளைத் தன்னோடு எடுத்துப் போயிருந்தார். கடல் ஆராய்ச்சிக்காரர். அவர்கள் ஆட்கள் அந்தக் கரையோரம் ஒரு மிதவை போட்டு, அதிலிருந்து தரை வரைக்கும் கருவிகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். நிமிஷத்துக்கு ஒரு தடவை அது வெப்பம் எடுக்கும். வியாழக்கிழமை இரவு 8.40க்கு அவர் போன் செய்தார்.

“சார், ஆறாவது ஸ்டேஷன் யார் எடுத்தது?”

“ஏன் சார்? பழைய அளவுதானே. ஒன்பது வருஷத்துக்கு முந்தினது.”

“இல்லையே.” காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. “போன வெள்ளிக்கிழமை எங்க மிதவை எடுத்ததோட வெச்சுப் பார்த்தேன். 2.31லேர்ந்து பதினாலு மீட்டரும் புள்ளி மாறாம ஒத்துப்போகுது. நீங்க சிவப்புல எழுதினீங்களே, 4.19, அதுவும்தான். வேற எந்த நாளோடவும் ஒத்துப்போகலை.”

அவர் போனை மறு காதுக்கு மாற்றினார்.

“நல்லா அளக்கத் தெரிஞ்ச ஆளு சார். ஆனா அன்னைக்கு அந்தப் பக்கம் ஒரு படகுகூடப் போகலைன்னு துறைமுகத்துல சொல்றாங்க,” என்றார் தேர்வாளர். “அங்க யாரை இறக்கி வெச்சிருக்கீங்க?”