சிவப்பு மூலையில் என் கொழுந்தன்

நான் கதை கட்டுகிறேன் என்று முதலில் சொன்னவர் என் கணவர்தான். மருத்துவமனையில் தன் தம்பியின் முகத்தைப் பார்த்த பிறகு அவர் அப்படிச் சொல்வதில்லை. நீங்கள் நம்பலாம், நம்பாமலும் போகலாம். என் இடது கையில் இரண்டு விரல்கள் இன்றும் மடங்குவதில்லை. அவற்றை நசுக்கியது ஒரு பூட்ஸின் குதிகால். அந்த பூட்ஸுக்குள் கால் இருந்ததா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

எங்கள் தெரு முனையில் ஒரு பழைய குத்துச்சண்டை மண்டபம் இருக்கிறது. ஒரு காலத்தில் ஆலைத் தொழிலாளிகள் வேலை முடிந்ததும் கூட்டம் கூட்டமாக வந்து சண்டை பார்த்த இடம். ஆலை மூடியதும் மண்டபமும் மூடிவிட்டது. பல வருடங்கள் புறாக்கள்தான் குடியிருந்தன. அதை இடித்துவிட்டு வண்டி நிறுத்துமிடம் கட்டப் போகிறார்கள் என்று தெரிந்தபோது எங்கள் தெருவில் நாலைந்து பேருக்கு மனசு கேட்கவில்லை. முடிதிருத்தும் கடைக்காரர் முன்னே நின்றார். பேக்கரிக்காரர், சீட் கவர் தைத்துக் கொடுக்கும் நான், எலக்ட்ரீஷியனான என் கொழுந்தன் எல்லாரும் பின்னால் போனோம். ஒவ்வொரு ஞாயிறும் எச்சம் சுரண்டினோம், ஜன்னல் துடைத்தோம், ஒயர் இழுத்தோம். அதிகாரிகள் திங்கட்கிழமை வந்து பார்ப்பதாக இருந்தது. அவர்களுக்குப் பிடித்தால் மண்டபம் நிற்கும். இல்லையென்றால் புல்டோசர்.

என் வேலை ரிங்கின் தரை. மேலே விரித்திருந்த கேன்வாஸ் நடுவில் கிழிந்திருந்தது. புதிதாகவே தைத்துத் தருகிறேன் என்றேன். கடைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை.

"புதுசு போட்டா அது வேற மண்டபம்மா. கறையோட, கிழிசலோட பழசே இருக்கட்டும். ஒட்டுப் போட்டுக் குடுங்க, போதும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் முன்னதாகவே கிளம்பிவிட்டார்கள். நானும் கொழுந்தனும் மட்டும் இருந்தோம். எனக்குக் கல்யாணம் ஆகி வந்தபோது அவன் மூன்றாம் வகுப்பு. மூக்கைச் சிந்திவிட்டு வளர்த்தவள் நான். இப்போது ஆறடி உயரம், வாய் மட்டும் ஏழடி. ஏணி மேல் நின்று ரிங்குக்கு மேலே விளக்கு மாட்டிக்கொண்டிருந்தான்.

மாலை ஐந்தரை மணி இருக்கும். நல்ல வெளிச்சம். உயரத்தில் இருந்த ஜன்னல் வழியாக வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. பயப்பட ஒரு காரணமும் இல்லை.

முதலில் வாசனைதான். கை கால் வலிக்குத் தேய்க்கும் தைலத்தின் நெடி. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து சூடு பறக்கத் தேய்ப்பதுபோல.

பிறகு கயிறு. எழுந்திருக்க ரிங்கின் கயிற்றைப் பிடித்தேன். அது வெதுவெதுப்பாக இருந்தது. அந்த ஒரு இடத்தில் மட்டும்.

பிறகு கறை. கேன்வாஸின் நடுவில் பழுப்பாக ஒரு பெரிய கறை உண்டு. காய்ந்து கருத்த கறை. அதன்மேல் உள்ளங்கையை ஊன்றினேன். கை ஈரமானது.

துடைத்துக்கொண்டு கோணூசியைக் குத்தினேன். ஏதோ தடுத்தது. கிழிசலுக்குள் விரல் விட்டுத் துழாவினேன். கையில் வந்தது ஒரு பல். மனிதப் பல். வேரோடு.

"டேய், இங்க வாடா."

இறங்கி வந்து பார்த்தான். சிரித்தான்.

"யாரு பல்லோ. பாவம், அதுக்கப்புறம் கஞ்சிதான் குடிச்சிருப்பான்."

"விளையாடாத. கடைக்காரர் அண்ணன்கிட்ட குடுக்கணும், வை."

"இதையும் பாதுகாக்கணுமா? போங்கண்ணி!"

கட்டைவிரலால் சுண்டினான். பல் ஜன்னல் கம்பியில் 'டிங்' என்று பட்டு வெளியே போனது. அதோடு விடவில்லை. என் தோளில் கிடந்த துண்டை இழுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, சிவப்புக் கம்பம் இருந்த மூலைக்குப் போய்க் கயிற்றில் சாய்ந்தான். காற்றில் இரண்டு குத்து விட்டான்.

"சிவப்பு மூலையில்... நம்ம தெரு சிங்கம்! வாங்கடா, யாரு வர்றீங்க?"

துண்டை எடுத்து என் மேல் வீசினான். நான் சிரித்துக்கொண்டே ரிங்கை விட்டு இறங்கினேன். நூல்கண்டு கீழே உருண்டுவிட்டிருந்தது.

குனிந்தேன்.

டங்!

மணிச் சத்தம். ரிங் பக்கத்துச் சுவரிலிருந்து.

நிமிர்ந்து பார்த்தேன். சுவரில் ஆணி மட்டும்தான் இருந்தது. மணியை மெருகு போட பேக்கரிக்காரர் போன வாரமே வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்.

"டேய், கேட்டுச்சா..."

தப்!

ஈர மூட்டையை அடித்த மாதிரி ஒரு சத்தம். அவன் தலை பின்னால் வெட்டி இழுத்தது. உதடு கிழிந்தது. எதிரே யாரும் இல்லை.

தப்! தப்!

விலா. வயிறு. அவன் இரண்டாக மடிந்தான். உடனே கீழிருந்து ஒரு அடி, தாடையில். எலும்பு முறிந்த சத்தம் நான் நின்ற இடத்துக்குக் கேட்டது. மூக்கிலிருந்து ரத்தம் பீய்ச்சி என் நெற்றியில் தெறித்தது.

அவன் கை தூக்கித் தடுத்தான். பிறகு திருப்பி அடித்தான். குருட்டாம்போக்கில், வெறி பிடித்தவன் மாதிரி. எதிலோ பட்டது. எதிர்ப்பக்கக் கயிறு வெளியே வளைந்தது, ஒரு பெரிய உடம்பு சாய்ந்த அளவுக்கு. பிறகு நேரானது. அந்த உடம்பு திரும்பி வந்தது.

கேன்வாஸ் அழுந்தியது. ஒவ்வொரு அடியாக. அவனை நோக்கி.

நான் கயிற்றுக்கு அடியில் கையை விட்டு அவன் காலைப் பிடித்து இழுத்தேன். குதிகால் ஒன்று என் விரல்களின் மேல் இறங்கியது. நின்றது. அழுத்தித் திருகியது. நான் அலறினேன்.

டங்!

எல்லாம் நின்றது.

அவன் தடுமாறிப் போய்ச் சிவப்பு மூலையில் உட்கார்ந்தான். அவன் உட்காரும்போதுதான் அங்கே ஒரு முக்காலி இருப்பதைப் பார்த்தேன். அதற்கு முன் அது இல்லை. அவன் தலைமேல் தண்ணீர் வழிந்தது. யாரும் ஊற்றவில்லை.

"இறங்கி வாடா! வந்துடு!"

ஒரு கண் முழுக்க மூடிவிட்டது. இன்னொரு கண்ணால் என்னைத் தாண்டிப் பார்த்தான்.

"விடமாட்டேங்கறாங்கண்ணி..."

"யாரு?"

"உங்க பின்னாடி... எவ்வளவு பேரு..."

நான் திரும்பவில்லை. திரும்பத் தைரியம் இல்லை. ஆனால் கேட்டது. காலி பெஞ்சுகள் கிறீச்சிட்டன. பிறகு மரத்தரையில் கால்கள்.

தட்... தட்... தட்... தட்...

நூற்றுக்கணக்கான கால்கள்.

டங்!

இந்தமுறை அவன் கையே தூக்கவில்லை. அடி வாங்கிக்கொண்டே இருந்தான்.

தப். தப். தப்.

குத்துச்சண்டை பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். தோற்றவன் பக்கத்து ஆள் துண்டை உள்ளே வீசினால் சண்டை முடிந்தது.

வீசினேன்.

துண்டு ரிங்கின் நடுவில் விழுந்தது. ஒரு நொடி கிடந்தது.

பிறகு யாரோ உதைத்ததுபோல் எகிறி, கயிற்றைத் தாண்டி என் முகத்தில் வந்து விழுந்தது.

மறுபடி வீசினேன்.

மறுபடி உதைத்தார்கள்.

கால்களின் சத்தம் அதிகமானது.

அவன் விழுந்தான்.

விழுந்த பிறகும் அடி நிற்கவில்லை.

நான் உள்ளே ஏறினேன். அவன்மேல் குப்புற விழுந்து மூடிக்கொண்டேன்.

முதல் அடி தோளில்.

இரண்டாவது விலாவில். மூச்சு நின்றது.

மூன்றாவது கண்ணோரத்தில்.

"போதும்! தோத்துட்டான்! எங்க புள்ள தோத்துட்டான்! விட்டுடுங்க!"

அமைதி.

என் காதுக்கு மிக அருகில் ஒருவன் மூச்சு வாங்கினான். தைல நெடி அடித்தது. சூடான ஒரு சொட்டு என் கழுத்தில் விழுந்தது.

டங்!

கொழுந்தனை எப்படி வெளியே இழுத்து வந்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை. தெருவில் இன்னும் வெளிச்சம் இருந்தது. பூக்கடைப் பெண் என்னைப் பார்த்துக் கத்தியது மட்டும் நினைவிருக்கிறது.

மருத்துவமனைக்குக் கடைக்காரர் ஓடிவந்தார். தம்பியை இன்னும் பார்க்காத என் கணவர் நான் சொன்னதைக் கேட்டு, "தலையில அடிபட்டுக் குழம்பிப் போயிருக்கா" என்றார். கடைக்காரர் அப்படிச் சொல்லவில்லை. துண்டைப் பற்றி நான் சொன்னதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்கப்பா பார்த்திருக்காரு. நாப்பது வருஷம் இருக்கும், நான் சின்னப் பையன். கடைசியா நடந்த சண்டை அது. சிவப்பு மூலையில ஆலைக்காரப் பையன் ஒருத்தன். அடி தாங்க முடியல. அவன் அண்ணன் துண்டை வீசினான். ஜனம் விடல, நடுவரே உதைச்சு வெளிய தள்ளிட்டாரு. மறுபடி வீசினான், மறுபடி தள்ளிட்டாரு."

"அப்புறம்?"

"ரிங்குலயே செத்துட்டான்மா. அதோட மண்டபத்தை மூடிட்டாங்க. ஆலை மூடினதாலன்னு வெளிய சொல்லிக்கிட்டோம்."

இவ்வளவும் தெரிந்தேதான் அந்தக் கறையை வைத்துக்கொள்ளச் சொன்னீர்களா என்று கேட்டேன். அவர் தலை நிமிரவில்லை.

"அவனுக்குன்னு ஊர்ல மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான்மா."

மண்டபம் தப்பித்தது. அதிகாரிகளுக்குப் பிடித்துவிட்டது. கேன்வாஸை நான் தைக்கவில்லை, யாரும் தைக்கவில்லை. கிழிசலோடு, சுற்றிலும் சங்கிலி கட்டி அப்படியே வைத்திருக்கிறார்கள். நான் அந்தப் பக்கம் போவதில்லை.

ஆனால் இதை எழுத வைத்தது அதெல்லாம் இல்லை. அன்று இரவு எக்ஸ்ரே படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தாடை இன்னைக்கு உடைஞ்சது. சரி. இவரு ரொம்ப நாளா குத்துச்சண்டை போடுறவரா?"

"இல்லீங்க. லைட் மாட்டுறவன். வாழ்க்கையில ஒரு எலும்பு உடைஞ்சதில்ல அவனுக்கு."

அவர் படத்தில் விரல் வைத்துக் காட்டினார். விலாவில் மூன்று. கை முட்டிகளில் நான்கு. மூக்கெலும்பில் ஒன்று.

"இதெல்லாம் பழைய முறிவு. நல்லா கூடிப்போச்சு. தம்பிக்கு என்ன வயசு?"

"இருபத்திநாலு."

டாக்டர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்படி இருக்க முடியாதும்மா. இந்த எலும்பெல்லாம் கூடி நாப்பது வருஷமாவது ஆயிருக்கும்."